இசக்கி வாய் மூடித் தூங்கினாள்

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அதனால்தான் சொல்ல வேண்டியதை எழுதிக்கொடுக்கிறேன்.

பாளையங்கோட்டையில் பல் சீரமைக்கும் டாக்டர் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். வேலையை விட்டு நின்றபோது தலை பாதி நரைத்திருந்தது. எனக்குப் பின் அந்த வேலைக்கு வந்த செல்வி போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒரு அம்மா வாறாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்து உக்காருதாங்க, டாக்டர் கூப்பிடதுக்குள்ள எந்திரிச்சிப் போயிருதாங்க. நேத்து வாசல்ல புடிச்சிக் கேட்டேன். 'இந்த வயசுல கிளிப்பு போட்டா ஊரு சிரிக்காதா'ங்காங்க. நான் என்ன சொல்ல? நீங்க இத்தனை வருசம் இருந்திருக்கீங்க, நீங்க சொல்லுங்க."

"பைய யோசிச்சிச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு அவள் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தங்கச்சி கதைதான். அதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது. அதனால்தான் அவளுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். தினமும் டீ குடிக்க வருகிற டாக்டர் ஒரு நாள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாருவே கழுவுனது?" என்றார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். மறுவாரம் அவருடைய ஆஸ்பத்திரியில் கம்பி வளைக்கிற கொறடும் கண்ணாடியும் கழுவிக்கொண்டிருந்தேன். அச்சுப் பொடி கலக்கவும், அச்சில் பிளாஸ்டர் ஊற்றவும், அதைத் தேய்த்துச் சீராக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். முதல் வருடம் நான் ஊற்றியதில் பாதி குப்பைக்குத்தான் போனது.

அவர் அதிகம் பேச மாட்டார். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எப்போதும் வெந்நீரில் முக்கி எடுத்துத்தான் வாய்க்குள் வைப்பார். சில்லென்று பட்டால் ஆள் மிரண்டுவிடும் என்பார். ஆனால் ஒருவரிடமும் "வலிக்காது" என்று சொன்னதே கிடையாது. "வலிக்கும். ரெண்டு நாள் நல்லா வலிக்கும். மூணாம் நாள் குறையும்" என்பார். அழுகிற பிள்ளைகளிடமும் அதுதான். பெற்றவர்கள் முறைப்பார்கள். மூன்றாம் நாள் வலி குறைந்ததும் பிள்ளைகள் அவரை நம்பிவிடும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. கிளிப்பு போட்டவர்கள் கடலைமிட்டாய், முறுக்கு, சீடை என்று கடினமான எதையும் கடிக்கக் கூடாது. கடித்தால் பல்லில் ஒட்டியிருக்கிற உலோகத் துண்டு பெயர்ந்துவிடும். அதனால் எல்லாம் முடிந்து கிளிப்பைக் கழற்றுகிற அன்று, டாக்டர் கையால் ஒரு கடலைமிட்டாய் கொடுப்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. மிட்டாய் வாங்கி வந்து தட்டில் வைப்பது என் வேலை.

வயதானவர்கள் அப்போது அபூர்வமாகத்தான் வருவார்கள். மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் சவுதியிலிருந்து லீவில் வந்தவர், "ரெண்டு மாசத்துல திரும்பிப் போகணும், அதுக்குள்ள முடிச்சிருங்க டாக்டர்" என்று பிடிவாதமாக நின்றார். "லீவு உமக்குத்தான்வே. பல்லுக்கு லீவு கிடையாது. எலும்பு வழிவிட்டாத்தான் அது நகரும்" என்றார் டாக்டர். அந்த சவுதிக்காரர் கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் வந்து டாக்டருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி இசக்கி.

இசக்கியம்மாள் எனக்கு ஒரே தங்கச்சி. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்னால் தள்ளி நிற்கும். எவ்வளவு இழுத்து மூடினாலும் உதடு ஒன்றோடொன்று ஒட்டாது. எங்கள் சொந்த ஊரான ஆழ்வார்குறிச்சியில் இருந்தபோது இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டாவது வந்த வீட்டு அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, "பிள்ளை எப்பவும் சிரிச்ச முகமா இருக்கா" என்று சொன்னாள். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெண் பார்க்க யாரையும் கூப்பிடக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்குக் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவளும் எங்களோடு வந்து, வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டாள்.

ஜாக்கெட் தைப்பதில் அவளுக்கு நல்ல பெயர். அளவெடுக்கும்போது குண்டூசிகளை உதட்டுக்கிடையில் வரிசையாகப் பிடித்திருப்பாள். பேசாமல் தலையசைத்தே வேலையை முடித்துவிடுவாள். தொழில் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது பேச்சைத் தவிர்த்துப் பல்லை மறைக்கிற வழி என்பது எனக்கே வெகுகாலம் தெரியாது.

பல் டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு தங்கச்சியை ஏன் காட்டவில்லை என்று கேட்கலாம். அதைப் பற்றிப் பேசினாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்கும் வாய் வராது. இரண்டு பேருமே அப்படிப்பட்டவர்கள். ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பேச்சு எழவில்லை.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒரு நாள் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு தைத்து, அதைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கச்சிதமா இருக்கும்மா" என்றார். அவள் போகாமல் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"டாக்டர், என் வயசுல இதுக்குக் கிளிப்பு போடலாமா?"

கழுவிக்கொண்டிருந்த கொறடைத் தட்டில் வைத்துவிட்டுக் குழாயை மூடினேன்.

டாக்டர் அவளை உட்காரவைத்துக் கண்ணாடியை வெந்நீரில் முக்கினார். ஈறை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வயசு ஒண்ணும் தடை இல்லம்மா. எலும்பும் ஈறும் நல்லா இருக்கு. நாலு பல்லை எடுக்கணும். அந்த இடத்துக்கு முன்பல்லைப் பையப் பின்னால கொண்டுபோகணும். ரெண்டு வருசத்துக்கு மேல ஆகும். வலிக்கும்."

"ஊசி குத்தினா வலிக்கத்தான செய்யும். நான் தையக்காரி டாக்டர்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே களேபரம். என் வீட்டுக்காரி பகவதிக்கும் அவளுக்கும் எப்போதும் ஒரு உரசல் உண்டு.

"கிழவியாகப் போற நேரத்துல கிளிப்பு எதுக்குட்டி? எவனையாவது பாத்து வச்சிருக்கியா?"

"ஆமா மதினி, பாத்துட்டேன். நீங்கதான் தாம்பூலம் மாத்தணும்."

"திமிரப் பாரு இவளுக்கு!"

இசக்கி சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அண்ணே, தூங்கும்போது எனக்கு வாய் மூட மாட்டேங்கு. விடியக்காலம் நாக்கு காஞ்ச ஓலை மாதிரி கிடக்கு. தொண்டையெல்லாம் எரியுது. எல்லாரையும் மாதிரி வாயை மூடித் தூங்கணும். வேற ஒண்ணும் இல்ல. தையல் காசு சேத்து வச்சிருக்கேன்."



அச்சு எடுத்த நாள் நான்தான் பொடி கலக்கினேன். ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். தாமதித்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். தட்டில் எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். வாய்க்குள் வைத்ததும் இசக்கிக்குக் குமட்டியது. குமட்டுகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். "மூக்கால மூச்சு விடு. ஒரு காலைத் தூக்கி அப்படியே வச்சிரு. காலையே நெனச்சுக்கோ." காலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பிளாஸ்டர் ஊற்றி, குமிழ் போகத் தட்டித் தட்டி வைத்தேன். அது இறுகும்போது தானாகச் சூடாகும். அந்தச் சூடு வந்து அடங்குகிறவரை அச்சைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பல் நுனி உடைந்துவிடும் என்பது டாக்டரின் கண்டிப்பு. சூடு இருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேருடைய அச்சை அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். இது என் தங்கச்சியின் வாய். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

பிரித்துப் பார்த்தால் மேல் முன்பல்லின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம். அவள் எப்போதும் வாயைப் பொத்திக்கொள்வதால் நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

"நூலைக் கடிச்சுக் கடிச்சு வந்த பள்ளம்வே இது. கடைசியில நிரப்பிச் சரி பண்ணிருவோம்."

அவளிடம் சொன்னபோது, "அது கிடக்கட்டும் டாக்டர்" என்றாள்.

பல் எடுத்து, கிளிப்பு போட்டாயிற்று. இரண்டு நாள் கஞ்சிதான். மூன்றாம் நாள் டாக்டர் சொன்னபடி வலி குறைந்தது. தெருவில் சிரித்தார்கள்தான். துணி கொடுக்க வருகிற ஆமினா அக்கா வாசலிலேயே நின்று, "ஏளா, வாய்க்குள்ள ரயில் தண்டவாளம் போட்டிருக்கியாமே, காட்டு பாப்போம்" என்றாள். அவளிடம் மட்டும் இசக்கி வாயைத் திறந்து காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. நானும் மருமவ வந்ததும் போடணும். அவளைக் கடிக்கதுக்கு" என்று ஆமினா அக்கா சொல்ல, இருவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குண்டூசியை வாயில் வைப்பதை விட்டுவிட்டாள். ஆனால் நூல் கடிக்கிற பழக்கம் போகவில்லை. முதல் மாதத்திலேயே, பெயர்ந்துபோன உலோகத் துண்டை ஒரு ஜாக்கெட் துணித் துணுக்கில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள்.

"கத்தரிக்கோல் எதுக்கும்மா வச்சிருக்க?"

"ரெண்டு கையும் துணியில இருக்கும்போது வாய்தான் டாக்டர் கத்தரி. என்னையறியாம போயிருச்சு."

மறுமுறை பெயர்ந்து வந்தபோது அவர் ஏசிக்கொண்டே ஒட்டிக்கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மாதாமாதம் கம்பியை முறுக்கினார். பல் எடுத்த இடத்து இடைவெளி சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இசக்கி மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கைக்குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். பகவதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேசை விசிறியைத் தூக்கிவந்து இசக்கி பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வருடம் மழை விட்ட பிறகு அவளுக்குத் தலைவலி தொடங்கியது. காலையில் எழுந்ததும் வலிக்கும், வாந்தி எடுப்பாள். எல்லோருக்கும் ஒரே காரணம்தான் தெரிந்தது.

"மாசாமாசம் கம்பியை முறுக்கி முறுக்கி நரம்பை இழுத்துட்டாங்க. பல்லு நரம்பு நேரா மூளைக்குல்லா போகுது. அதைக் கழட்டச் சொல்லுங்க, தலைவலி தானா நிக்கும்" என்றாள் பகவதி. தெருவே அதைச் சொன்னது. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். இசக்கி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பி வலி எனக்குத் தெரியும். அது மூணாம் நாள் குறையும். இது வேற" என்றாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடியை வெந்நீரில் முக்கினார். வாய்க்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஊசியில நூல் கோக்க முடியுதாம்மா?"

இசக்கி தலை குனிந்தாள். "இல்ல டாக்டர். பத்து நாளா மதினிதான் கோத்துத் தாறாங்க. ரெண்டு ஊசியாத் தெரியுது. எதுல நுழைக்கன்னு தெரிய மாட்டேங்கு."

அவர் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டார். "இது பல்லு இல்ல" என்றார். அன்றைக்கே மூளை நரம்பு பார்க்கிற டாக்டருக்குப் போன் செய்து எங்களை அனுப்பினார்.

தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், வாயில் உலோகம் இருந்தால் படம் தெளிவாக விழாது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு தடவை வலிப்பும் வந்துவிட்டது.

கழற்றுகிற அன்று நான் தட்டு எடுத்து வைத்தேன். கொறடு, பஞ்சு, கண்ணாடி எல்லாம் வைத்தேன். மிட்டாய் வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கிளிப்பு கழற்றுகிற நாள் என்றால் மிட்டாய் உண்டு, ஆனால் வேலை முடிந்த நாள் இல்லையே. இவளுக்கு எப்படி அதைக் கொடுப்பது? வாங்கி வைத்த பொட்டலம் என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

டாக்டர் ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து எடுத்தார். தட்டில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பல்லைத் துடைத்து, கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். அவள் பார்த்தாள். உதட்டை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"அண்ணே, மூடுது பாரு" என்றாள். பிறகு டாக்டரிடம் கேட்டாள். "டாக்டர், இதைத் திரும்பப் போடுவீங்களா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"போட முடியாதும்மா. இனிமேல் அடிக்கடி ஸ்கேன் எடுப்பாங்க. முழுசா முடிக்கல, இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கு. ஆனா வந்தது வந்ததுதான், அது திரும்பிப் போகாம நான் பாத்துக்கிடுதேன். சாதாரணமா கழட்டி மாட்டுத பிளேட்டு கொடுப்பேன். வலிப்பு வந்தா அது தொண்டைக்குள்ள போயிரும், அதனால உனக்கு வேண்டாம். பல்லுக்குப் பின்னால ஒரு நூலை வச்சு ஒட்டப் போறேன். உலோகம் இல்ல, கண்ணாடி இழை நூல்."

"நூலைக் கடிச்சதுக்கு அத்தனை ஏசுனீங்க. இப்ப நீங்களே நூலைப் பல்லுல ஒட்டுதீங்க" என்றாள்.

டாக்டர் சிரித்ததை நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

"தலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்றாள் அடுத்து.

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

"எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்ங்காங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொல்லுதீங்க." அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

நூல் ஒட்டி முடித்து எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "அண்ணே, மிட்டாய் எங்க? கழட்டுன அன்னைக்கு மிட்டாய் உண்டுல்லா?" என்றாள்.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து அவளிடம் நீட்டினார். "முன்னால கடிக்காத, நூலு போயிரும். கடவாப் பல்லால கடி" என்றார். இசக்கி கடித்தாள். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பிறகு நடந்ததை விரித்து எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஸ்கேனில் மூளைக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. மண்டையைத் திறந்து அதை எடுத்தார்கள், முழுதும் எடுக்க முடியவில்லை. முடி கொட்டியது. வலது கை விழுந்தது. மெஷினைத் துணி போட்டு மூடச் சொன்னாள். பகவதிதான் எல்லாம் செய்தாள். ஊட்டிவிடுவதும் குளிப்பாட்டுவதும் ஒவ்வொரு வேளையும் பஞ்சு வைத்துப் பல் துடைத்துவிடுவதும் அவள்தான். "நூலு பத்திரமா இருக்குட்டி" என்று தினமும் சொல்லுவாள். டாக்டர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். வெந்நீர் கேட்டு வாங்கிக் கண்ணாடியை முக்கி, நூலைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். கடைசி மாதங்களில் அவள் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருந்தாள். வாய் மூடியே இருந்தது.

சித்திரை வெயிலில் இறந்தாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தி, குனிந்து பார்த்துவிட்டு, "இசக்கிதானா இது? அடையாளமே தெரியலையே, முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றாள். பகவதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உயிரோட இருக்கும்போதே இப்படித்தான் இருந்தா. நீங்க வந்து பாக்கல" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

பழைய அச்சுகளை ஆஸ்பத்திரியில் ஒதுக்கியபோது இசக்கியுடையதை டாக்டரே எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ இல்லை, எடுக்க விட்டதே இல்லை. அந்த அச்சுதான் இருக்கிறது. பல் முன்னால் தள்ளிக்கொண்டு, விளிம்பில் பள்ளத்தோடு. பிறகு கண் மங்கி, பிளாஸ்டரில் குமிழ் இருப்பது எனக்குத் தெரியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டேன்.

செல்வி, அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். போடு என்றும் வேண்டாம் என்றும் சொல்ல நான் யார்? இசக்கிக்கு முழுதாகவும் முடியவில்லை, வெகுகாலம் இருக்கவும் இல்லை. பிரயோசனம் என்ன என்று ஊரில் கேட்டார்கள். அவள் வாய் மூடித் தூங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வேண்டுமானால் சொல்லு. வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும் என்று சொல்லு.

அந்த அம்மா போட்டுக்கொண்டால் ஒன்று மட்டும் செய். கழற்றுகிற நாள் எப்படிப்பட்ட நாளாக இருந்தாலும் தட்டில் மிட்டாயை எடுத்து வைத்துவிடு. அவர்களாகக் கேட்கட்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டிருக்காதே.

ஆற்றில் இசக்கிக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து எழுதியது.

ஆடி அமாவாசை.